சுதன் சொன்ன சொல்

2025 மார்ச் 2, ஞாயிறு

ஆல்வின் காலையில் எழுந்ததும் முதலில் திறப்பது வேதாகமம் இல்லை, விசா கணக்கு. பதினான்கு மாதமாக அதில் ஒரே சொல்தான்: ரிசீவ்ட். அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் முழங்காலில் நிற்கிறார். நான் கேலி செய்வதில்லை. அவர் குளிக்கப் போனதும் நானும் திறந்து பார்க்கிறேனே.

பிஆர், நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வந்தபிறகு வீடு பார்க்கலாம், வந்தபிறகு பிள்ளை பெறலாம், வந்தபிறகு சொந்த ஊர் நாசரேத்துக்குப் போய் அம்மாவைப் பார்க்கலாம். கல்யாணமான நாளிலிருந்து இந்த ‘வந்தபிறகு’வில்தான் எங்கள் குடித்தனம் நடக்கிறது. கையிலிருக்கும் விசா ஆகஸ்டில் முடிகிறது. அதற்குப் பிறகு இடைக்கால விசாவில் தொங்க வேண்டும்.

மாலை எங்கள் புறநகர் டூங்காபியில் ஆராதனை. காலையில் வெள்ளைக்காரர்கள் முடித்துவிட்டுப் போன மண்டபம் நாலு மணிக்குத் தமிழாகும். ஊர்க்காரர்கள் நாங்கள் பாதி, இலங்கைக்காரர்கள் பாதி, மலேசியர்கள் கொஞ்சம். பாஸ்டர் மலேசியர், பெயர் வீரப்பன். பாஸ்டர் வீரப்பன் என்றால் அம்மா இன்னும் போனில் சிரிக்கிறாள். இத்தனைக்கும் அவருக்கு மீசைகூடக் கிடையாது. சபையில் பாதிப் பேர் விசாவுக்குக் காத்திருப்பதால் அவர் எந்த வசனத்தைப் பிரசங்கித்தாலும் அது விசாவைப் பற்றியதாகிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்க முடியுமா என்று எங்களைக் கேட்டார். “ஜெபிச்சிட்டு சொல்றோம் பாஸ்டர்” என்றார் ஆல்வின். நம் ஆட்களிடம் அதற்கு முடியாது என்று பொருள். பாஸ்டருக்கும் அது தெரியும். “சரி பிரதர், ஜெபிங்க ஜெபிங்க” என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சபைக்கு வரும் இலங்கைப் பையன் சுதன் இன்று தேநீருக்கு நிற்கவில்லை. தின்ன ரோல்ஸ் வைத்திருக்கும் நாளில் அவன் இப்படிப் போனதே இல்லை.


மார்ச் 3, திங்கள்

சுதனிடமிருந்து வாட்ஸப். ‘அக்கா ஒரு கடிதம் வந்திருக்கு. புதன் பின்னேரம் வீட்ட வரட்டோ.’


மார்ச் 5, புதன்

வந்தான். இருபத்தாறு வயது, முல்லைத்தீவுப் பக்கம். மாணவர் விசாவில் வந்து இங்கே அடைக்கலம் கேட்டவன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான். சபைக்கு முதலில் வந்தது சாப்பாட்டுக்கும் பேச்சுத்துணைக்கும்தான், அதை அவனே சொல்வான். இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் நாற்காலி அடுக்க முதலில் வருவது அவன்தான்.

கடிதம் தீர்ப்பாயத்திலிருந்து. அவன் வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருக்கிறது. ஏப்ரலில் விசாரணை. அதற்கு முன் ஒரு முரண்பாட்டை அவன் விளக்க வேண்டும், இந்த மாதம் 28ஆம் தேதிக்குள்.

முரண்பாடு இதுதான். அவன் அண்ணன் காணாமல் போனவன். அண்ணன் படத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு தெருவில் நின்றதற்காக, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் அவன் வேலை பார்த்த கடைக்கு வந்திருக்கிறார்கள். முதலில் அவன் அனுப்பிய ஆங்கில வாக்குமூலத்தில், அவர்கள் தன்னைக் கடையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று இருக்கிறது. பிறகு நடந்த நேர்காணலில், கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறான். எது உண்மை? உயிர் மிரட்டலை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?

அந்த ஆங்கில வாக்குமூலத்தை எழுதிக்கொடுத்தவர்கள் நாங்கள். அப்போது அவனுக்கு வக்கீல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் மண்டபத்து மேசையில் அவன் தமிழில் சொன்னான், நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன், ஆல்வின் லேப்டாப்பில் தட்டினார். சுதன் கையெழுத்துப் போட்டான். எங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை.

“நான் ரெண்டு இடத்திலயும் ஒண்டைத்தான் சொன்னனான் எண்டு நினைக்கிறன் அக்கா. உங்களிட்ட நான் கலைச்சவங்கள் எண்டோ சொன்னனான்?”

கலைச்சவங்கள் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. நினைவில்லை தம்பி என்றேன்.

அவன் போனதும் ஆல்வின் சொன்னார்: “கதைய மாத்திட்டான். யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க, இப்படிச் சொன்னாதான் நிக்கும்னு.”


மார்ச் 6, வியாழன்

நினைவில்லை என்று ஏன் சொன்னேன்? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த இடத்தில் அவன் வேகமாகப் பேசினான், எனக்குச் சந்தேகமாக இருந்தது, நிறுத்தித் திருப்பிக் கேட்டேன். “வெரட்டுனாங்களா தம்பி?” “ஓம் அக்கா.” அப்படித்தான் எழுதினோம். நான் எழுதியதில் பிழை இல்லை. அப்படியென்றால் அவன்தான் மாற்றியிருக்கிறான்.

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சபைக்கு வருகிற பையன். அவன் பொய்யில் நமக்கும் பங்கு வந்துவிட்டதே என்றும் இருக்கிறது. ஏதாவது விசாரணை என்று எங்களைத் தேடி வந்தால்?


மார்ச் 9, ஞாயிறு

இன்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். “எது நடந்துச்சோ அத அப்படியே சொல்லுங்க தம்பி. உண்மையச் சொன்னா கர்த்தர் பாத்துக்குவார்.” எனக்கே என் குரல் பிடித்திருந்தது, அவ்வளவு நிதானம், அவ்வளவு அன்பு.

“நான் அப்பிடியேதான் சொன்னனான் அக்கா” என்றான். பிறகு நாற்காலிகளை அடுக்கப் போனான்.

இரவு குடும்ப ஜெபத்தில் அவனுக்கு உண்மை பேசும் தைரியத்தைக் கொடும் என்று கேட்டேன். ஆல்வின் ஆமென் சொன்னார்.


மார்ச் 13, வியாழன்

உடை மாற்றும் முன்பே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தேன். கீழ் வீட்டு இலங்கைக்கார யோகா அன்ரி கதவைத் திறந்து வைத்துப் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் உள்ளேயிருந்து, சாப்பிடாட்டி பொலீஸ் வரும், பிடிச்சுக்கொண்டு போகும் என்று சத்தம் போட்டாள். அதற்கு அன்ரி சொன்னார்: “சும்மா பிள்ளையை வெருட்டாதை.”

படியில் ஏறிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். பிள்ளை உயர நாற்காலியில் வாரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை யார் விரட்ட முடியும்?

“அன்ரி, வெருட்டாதைன்னா என்ன?”

“வெருட்டுறதெண்டா... பயப்பிடுத்திறது பிள்ளை. அப்பிடிச் செய்வன் இப்பிடிச் செய்வன் எண்டு சொல்லி.”

“அப்ப நாயத் தெருவுல ஓட ஓடத் துரத்துறத என்ன சொல்வீங்க?”

“அது கலைக்கிறது. ஏன், உங்கட ஊரில என்ன சொல்லுவியள்?”

வெரட்டுறது, அன்ரி. எங்கள் ஊரில் அதை வெரட்டுறது என்போம்.

அவன் அன்றைக்குச் சொன்னது வெருட்டினவங்கள். எனக்குக் காதில் விழுந்தது வெரட்டுனவங்க. நான் சரிபார்க்கக் கேட்டது வெரட்டுனாங்களா. அவனுக்குக் காதில் விழுந்தது வெருட்டினாங்களா. அவன் ஓம் என்றான். இரண்டு பேரும் அவரவர் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டோம்.

அவன் எதையும் மாற்றவில்லை. மாற்றியது நான். ஆண்டவரே, அந்தப் பிள்ளையிடம் போய் உண்மையைச் சொல் என்று உபதேசம் பண்ணினேனே.


மார்ச் 14, வெள்ளி

ஆல்வினிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், ஒரு எழுத்து வித்தியாசமா என்று. பிறகு சிரிப்பு நின்றது.

“வக்கீல் கிட்ட சொல்லணும் அத்தான். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

“கொஞ்சம் பொறு. நம்ம அப்ளிகேஷன் யார் பேர்ல இருக்கு? உன் பேர்ல. அதுல பிஆருக்கு எண்ணுத பாயிண்ட்ல அஞ்சு எதுக்குக் கெடச்சுது? ஹெப்சிக்குத் தமிழ்லருந்து இங்கிலீஷ்க்கு மொழிபெயர்க்கத் தெரியும்னு பரீட்சை எழுதிக் கெடச்சுது. அதே ஹெப்சி, எனக்குத் தமிழ் புரியல, தப்பா எழுதிட்டேன்னு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுக்கப் போறியா?”

“அது அவன் ஊர்த் தமிழ். அது வேற.”

“உனக்கும் எனக்கும் வேற. ஆபீசருக்கு எல்லாம் தமிழ்தான். நாளைக்கு ஒருத்தன் ரெண்டு ஃபைலயும் சேத்து வச்சுப் பாத்தா என்ன செய்வ?”

யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான். அவர் சொல்லும் முன்பே அந்த ஐந்து புள்ளிகளை நான் நினைத்துவிட்டேன்.

“அப்ப என்ன செய்ய?” என்றேன்.

“ஜெபிப்போம் ஹெப்சி. ஜெபிச்சிட்டு முடிவெடுப்போம்.”

என்னிடமே சொல்கிறார். அந்தப் பதில் எதற்கு என்று எனக்குத் தெரியாதா?


மார்ச் 15, சனி

குடும்ப ஜெபம் இல்லை. இரண்டு பேருக்கும் தலைவலியாம்.


மார்ச் 16, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. தட்டு வரிசையாகக் கைமாறி வந்தது. அப்பத் துண்டு, சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் திராட்சைரசம். எனக்கு முன்னால் இரண்டாவது வரிசையில் சுதனின் பின்தலை தெரிந்தது, காதோரம் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. தட்டு என்னிடம் வந்தபோது எடுக்காமல் ஆல்வினிடம் கொடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தார்.

காரில் வரும்போது, “எல்லாரும் பாத்தாங்க” என்றார். “பாக்கட்டும்” என்றேன். “உடனே நான் மட்டும் பாவின்னு ஆயிரும்லா” என்றார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்: நீங்க பாவின்னு நான் நெனைக்கல அத்தான், எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காதுன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான். பென்டில் ஹில் சிக்னலில் அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் ஞாயிறு இரண்டு வேளை கோயிலுக்குப் போவது, வேதபாடப் பரீட்சையில் பரிசு வாங்குவது, இதுதான் விசுவாசம் என்று நினைத்து வளர்ந்தேன். அங்கே இப்படி ஒரு பரீட்சை யாரும் வைக்கவில்லை.


மார்ச் 17, திங்கள்

பாஸ்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து புள்ளி உட்பட. ஏதாவது வசனம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது: “கடிதத்துல கடைசி தேதி என்னா சிஸ்டர்?”

“இருபத்தெட்டு.”

“அப்போ பதினோரு நாள் இருக்கு” என்றார். பிறகு, “நான் ஜெபிக்கிறேன். நீங்க முதல்ல சுதன்கிட்ட பேசுங்க. அவருக்குத் தெரியணும் இல்லையா?” அவ்வளவுதான். எதைச் செய்யச் சொன்னாலும் செய்யும் மனநிலையில் இருந்தேன், அவர் எதையும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.


மார்ச் 19, புதன்

லீவு நாள். சுதன் வேலை செய்யும் வீடு வென்ட்வொர்த்வில்லில். மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனேன். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பிரெட் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, எனக்கு வாளியைத் தந்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான்.

சொன்னேன். நேராகச் சொல்ல முடியவில்லை. யோகா அன்ரி, பேரன், சோறு என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். கடைசியில், பிழை என்னுடையது, உங்களுடையது இல்லை என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப நான் சரியாத்தான் சொன்னனானோ?” என்று கேட்டான். ஆமா தம்பி என்றேன். இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவை ஆமா என்றேன்.

“கடிதம் வந்த நாளில இருந்து நான் அந்தக் கதையைத் திருப்பித் திருப்பி எனக்கே சொல்லிப் பாத்தனான் அக்கா. அவங்கள் அப்பிடிச் சொன்னவங்களோ, இல்லாட்டி நானா பேந்து சேத்துப் போட்டனோ எண்டு. நீங்களும் உண்மையைச் சொல்லச் சொல்லிச் சொன்னியள். அக்காவுக்கே அப்பிடித் தெரிஞ்சா நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சனான்.”

மன்னிச்சிருங்க தம்பி என்றேன். “பரவாயில்லை அக்கா” என்றான். பரவாயில்லாத விஷயத்துக்கு மனிதர்கள் சொல்கிற பரவாயில்லை அது.

உங்கள் வக்கீலிடம் நான் பேசட்டுமா என்று கேட்டதற்கு, “அண்ணா என்ன சொல்லுறார்?” என்றான். எங்கள் விசா விஷயம் அவனுக்கும் தெரியும். “உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராதெண்டா மட்டும் கதையுங்கோ அக்கா.”

அவன் அப்படிச் சொன்னபிறகு நான் எப்படிப் பேசாமல் இருப்பது?


மார்ச் 20, வியாழன்

சுதனின் வக்கீல் ஷாமளா. அவனுக்காக இலவசமாக வாதாடுகிறாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். வெரட்டு, வெருட்டு என்று விளக்கினேன். “ஓ மை காட், என்ட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா” என்றாள், அது ஒன்றுதான் தமிழில் வந்தது.

நான் சத்தியக் கடிதம் எழுத வேண்டும். இங்கே ஸ்டாட் டெக் என்பார்கள், பொய் சொன்னால் சட்டப்படி குற்றம். அதைச் சாட்சி முன்னால் கையெழுத்திட்டு 28க்குள் தர வேண்டும், விசாரணைக்கும் கூப்பிடலாம். என் பிஆருக்கு இதனால் ஏதாவது வருமா என்று கேட்டேன். வராது என்றுதான் நினைக்கிறாள், ஆனால் அவள் சுதனின் வக்கீல், எனக்கு ஆலோசனை சொல்லக் கூடாதாம், உறுதியும் தர முடியாதாம்.

‘நினைக்கிறேன்’. இந்த ஒரு வார்த்தையைச் சாப்பாட்டோடு மென்றுகொண்டிருக்கிறேன்.


மார்ச் 22, சனி

ஆல்வின் கிரிக்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் எழுதி முடித்தேன். ஒரு பக்கம், ஆறு பத்தி. திருத்தித் திருத்திப் படித்தேன். எது நேர்ந்தாலும் எனக்கு மட்டும் நேரட்டும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன்.


மார்ச் 23, ஞாயிறு

அச்செடுத்த தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வேண்டுமென்றே வைத்தேனா? இருக்கலாம். வந்து பார்த்தால் ஆல்வின் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலையே அதுதான், அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது.

“மூணாவது பாரா தப்பு.”

“என்ன தப்பு?”

“நானே மொழிபெயர்த்து நானே டைப் செய்தேன்னு எழுதியிருக்க. நீ டைப் பண்ணல. நான்தான் பண்ணேன்.”

“அது ஒண்ணும் முக்கியமில்ல.”

“சத்தியம் பண்ணிக் குடுக்குத பேப்பர்ல முக்கியமில்லாத பொய்னு ஒண்ணு இருக்கா ஹெப்சி?”

உங்களை இதற்குள் இழுக்க வேண்டாம் என்றுதான் அப்படி எழுதினேன் என்றேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். நான் ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். ஒரு பொய்யைத் திருத்தப் போய் இன்னொரு பொய்யைச் சத்தியம் செய்து எழுதியிருக்கிறேன், அதுவும் நல்ல எண்ணத்தோடு. எனக்கு என்ன ஆகிவிட்டது?

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “அன்னிக்கு அந்த வரிய அடிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கடைய விட்டு வெரட்டுனதுக்கா ஒருத்தன் நாட்ட விட்டே ஓடி வருவான்னு தோணுச்சு. கேட்டிருக்கணும். எனக்கு டிவியில மேட்ச்சுக்கு நேரமாயிட்டு. சரி, அவன் சொன்னத அடிப்போம்னு அடிச்சு அனுப்பிட்டேன்.” பிறகு, “கதைய மாத்திட்டான்னு வேற சொன்னேன்” என்றார்.

எனக்கு அவர் மேலிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரும் இத்தனை நாளாகத் தனியாக இதைச் சுமந்திருக்கிறார்.

லேப்டாப்பைத் திறந்து தனக்கு ஒரு ஸ்டாட் டெக் எழுத ஆரம்பித்தார். நான் என் மூன்றாவது பத்தியைத் திருத்தினேன். ஆராதனைக்குப் போகவில்லை. நாலு மணிக்கு இரண்டு பேரும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து ஜெபித்தோம். ஆல்வின் விசாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, “பயமா இருக்கு ஆண்டவரே” என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் ஜெபத்தில் நான் கேட்டிராத வார்த்தை.


மார்ச் 25, செவ்வாய்

பரமட்டா நூலகத்தில் கையெழுத்துக்குச் சாட்சி நிற்க ஒரு அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆல்வின் மத்தியானம் ஆபீஸிலிருந்து வந்தார். எனக்குப் பேனா வழுக்கியது, என் பெயரையே கோணலாக எழுதினேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, முதல் வீடு வாங்கும் பத்திரமா என்று அன்பாக விசாரித்தார். இல்லை என்று தலையாட்டினேன். ஆல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் ஆபீஸுக்குப் போய்விட்டார், நான் ஸ்டேஷனில் மூன்று ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.


மார்ச் 27, வியாழன்

ஷாமளா அனுப்பிவிட்டாள். இனி பிடித்து இழுக்க முடியாது.


ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு மின்னஞ்சல் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்க்கிறேன். இன்று வந்தது பல் டாக்டரின் நினைவூட்டல்.


ஏப்ரல் 15, செவ்வாய்

விசாரணை. நகரத்தில், லிஃப்டில் ஏறிப் போகும் ஒரு சாதாரண அலுவலகம். ஆல்வினை முதலில் கூப்பிட்டார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு என்னை.

விசாரித்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுஷி. சத்தம் போடவில்லை, அதுவே பயமாக இருந்தது. நீங்களும் சுதனும் பேசுவது தமிழ்தானே என்றார். ஆமா என்றேன். பிறகு எப்படிப் புரியாமல் போகும்? யோகா அன்ரியையும் பேரனையும் சொன்னேன். எங்கள் ஊர்ச் சொல், அவர்கள் ஊர்ச் சொல், நான் திருப்பிக் கேட்டது, அவன் ஓம் என்றது, எல்லாம் சொன்னேன். தமிழில் மொழிபெயர்ப்புப் பரீட்சை பாஸ் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். செய்திருக்கிறேன், அப்படியிருந்தும் இந்தப் பிழை என்னுடையதுதான் என்றேன். எழுதிக்கொண்டார்.

சொல்லி முடித்ததும் பின்னால் உட்கார அனுமதித்தார்கள். அடுத்து சுதன். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் இன்று ஒரு சென்னைக்காரம்மா, பேச்சிலேயே தெரிந்தது. அந்த இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். சுதன் முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னான்:

“என்னை மிரட்டினாங்க.”

அவன் வாயில் இதுவரை வராத சொல். எங்கள் சொல். வீட்டில் சொல்லிப் பழகியிருக்கிறான். தன் வாழ்க்கையிலேயே பெரிய பயத்தை, அடுத்தவர் காதுக்குத் தோதாக, அடுத்தவர் தமிழில். ஆல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த அறையை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது.


மே 20, செவ்வாய்

சுதனுக்கும் ஒன்றும் வரவில்லை, எங்களுக்கும் ஒன்றும் வரவில்லை.


ஜூன் 14, சனி

எங்கள் விசா கணக்கில் இன்னும் ரிசீவ்ட்தான். காலை பத்து மணிக்குச் சுதன் வந்தான். கையில் அச்செடுத்த தாள்கள், பதினேழு பக்கம். ஷாமளா நேற்று மாலை அனுப்பியிருக்கிறாள், போனிலும் பலமுறை அழைத்திருக்கிறாள். இவன் எடுக்கவில்லை. அதில் என்ன இருக்கிறதென்றும் பார்க்கவில்லை.

“நீங்களே வாசியுங்கோ அக்கா.”

“வேண்டாம் தம்பி. ஷாமளாவுக்குப் போன் பண்ணுவோம். நான் மறுபடி ஏதாவது தப்பா...”

“விளங்காட்டி நான் கேக்கிறன்” என்றான்.

ஆல்வின் டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முடிவு முதல் பக்கத்திலேயே இருந்தது. நிராகரித்தது செல்லாது, அவன் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டியவன் என்று கருதி, வழக்கை விசாத் துறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அதைச் சொன்னேன். ஆல்வின் எழுந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். சுதன் சரி சரி என்றான். அவன் வேறு எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

“அந்த ரெண்டு பேரைப் பற்றி ஏதும் எழுதியிருக்கோ அக்கா?”

தேடினேன். பதினோராம் பக்கம். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அவனுக்குச் சொன்னேன். ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்கன்னும், கொல்லுவோம்னு உங்கள வெருட்டினாங்கன்னும் நம்புறாங்க. நீங்க முதல்ல இருந்தே ஒரே விஷயத்தத்தான் சொல்லியிருக்கீங்கன்னு எழுதியிருக்கு. நீங்க உண்மை பேசுறவர்னு எழுதியிருக்கு.

“அப்பிடியே எழுதியிருக்கோ?”

“அப்படியே எழுதியிருக்கு.”

“ஒருக்காத் திருப்பி வாசியுங்கோ.”

வாசித்தேன். இன்னொரு தடவை கேட்டான். ஆல்வின் தாளை என்னிடமிருந்து வாங்கி மூன்றாவது தடவை வாசித்தார்.